தட்டு காலியானால் கதை முடிந்தது

நவம்பர் 17, திங்கள்

கயிலனின் பாலர் பள்ளியில் அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். ‘வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்’ என்று நான்தான் பேச வேண்டுமாம். தலைமை ஆசிரியை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். அந்தப் பள்ளியில் ஒரு கார்ட்டூன் பொம்மையின் பெயர்கூடத் தெரியாத ஒரே பிள்ளை என் பிள்ளைதானாம். தற்பெருமை கூடாது என்பார்கள். டைரியில் எழுதிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

பேச்சுக்குக் குறிப்பு வேண்டும் என்பதால் இன்று முதல் எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். கார்ட்டூன் கிடையாது. சினிமாப் பாட்டு கிடையாது. எவனோ ஒருவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் கண்றாவி கிடையவே கிடையாது. சாமி கதைகள் மட்டும் உண்டு, அதுவும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். தட்டு காலியானால் போன் என் கைக்கு வந்துவிடும். கதை எங்கே நின்றாலும் சரி.

எதிர் வீட்டு பெனிட்டா தன் மகனுக்கு ஜேசிபி மண் அள்ளும் வீடியோவாகக் காட்டுகிறாள். காட்டுவதோடு விடாமல் தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஐயோ, இப்ப குழிக்குள்ள விழப்போவுது பாரு!” என்று கூடவே கத்துகிறாள். பாளையங்கோட்டையில் அவளுக்கு வேறு வேலையே இல்லை போலும்.

நவம்பர் 19, புதன்

ரசம் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். தட்டு சீக்கிரமே காலி.

நான் பின்பற்றும் சேனலில் புதிதாக ஒரு கதை போட்டிருந்தார்கள். ‘குழந்தைகளுக்கான பக்திக் கதைகள்’ என்று மேலேயே எழுதியிருக்கிறது. ஓர் அடியவர் பசியோடு ஒரு வீட்டுக்கு வருகிறார், அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் விருந்து வைக்கிறார்கள். சின்ன வயதில் கோயில் சொற்பொழிவில் தூங்கி வழிந்துகொண்டே நூறு தடவை கேட்ட கதை. புதிதாக நான் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது? போனை அவன் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, அடுப்படியில் நாளைக்கு வேண்டிய அவரைக்காயை நறுக்கினேன்.

வந்து பார்த்தால் கடைசி வாய் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்தேன். வழக்கமாக “இன்னும் கொஞ்சம்” என்று ஊரைக் கூட்டுவான். இன்று சத்தமில்லாமல் கொடுத்துவிட்டான். பேச்சில் இதைச் சொல்ல வேண்டும். நல்லதைப் பார்த்தால் பிள்ளை நல்லபடி ஆகிறான்.

நவம்பர் 23, ஞாயிறு

ஞாயிறு என்றால் நகம் வெட்டும் நாள். நான் மடியில் உட்கார்த்திக் கையைப் பிடித்துக்கொள்வேன், இவர் நகவெட்டியோடு எதிரே உட்காருவார். பிறந்ததிலிருந்து அப்படித்தான். இன்று இவர் உட்கார்ந்ததுதான் தாமதம், பிள்ளை அலறிய அலறலில் கீழ் வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. என் முழங்கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது.

“ஏல, நகந்தான வெட்டுதேன்? தலையவா வெட்டப்போறேன்?” என்றார் இவர் சிரித்துக்கொண்டே. அதற்கு இன்னும் அதிகமாக அலறினான். என்னத்துக்கு இவ்வளவு பிடிவாதம் என்று தெரியவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் பல் தேய்க்கும்போது கேட்டான். “குறைன்னா என்னம்மா?”

புதுச் சொல்லைக் கேட்கும் வயதில் சரியாக விளக்க வேண்டும். கை கால், கண் காது, உடம்பில் ஏதாவது ஒன்று சரியில்லாமல் இருப்பதுதான் குறை என்றேன். “எனக்கு இருக்கா?” என்றான். “எம் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது, தங்கக் கட்டி” என்று முத்தம் கொடுத்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றான்.

நவம்பர் 26, புதன்

நொண்டுகிறான். எங்கே விழுந்தாய் என்றால் பதில் இல்லை. வீக்கமும் இல்லை, சிராய்ப்பும் இல்லை. ஒரு நேரம் வலது கால், ஒரு நேரம் இடது கால்.

நவம்பர் 27, வியாழன்

டாக்டரிடம் போனோம். அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். “காலெல்லாம் சூப்பரா இருக்கு. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லம்மா” என்றார்.

எந்தப் பிள்ளையாவது ஊசி இல்லை என்றதும் அழுமா? இவன் அழுதான். டாக்டரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “குறை இருக்குன்னு சொல்லுங்க, குறை இருக்குன்னு சொல்லுங்க” என்று தேம்பித் தேம்பி அழுதான். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 29, சனி

தங்கச்சிப் பாப்பா வேண்டுமாம். அதுவும் இன்றைக்கே. “பெனிட்டா ஆன்ட்டி வயித்துல இருக்குல்லா, அத வாங்கிட்டு வா” என்கிறான். இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

நாள் முழுவதும் மழை. துணி காயவில்லை. நான் ஊட்டும்போது இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுகிறான். இவர் ஊட்டும்போது நான் போனாலும் அப்படித்தான். இரண்டு பேரில் ஒருவர்தான் இருக்க வேண்டுமாம். நல்ல கூத்து.

போனே வேண்டாம் என்கிறான். இரண்டு வாரமாகத் தொடவில்லை. தலைமை ஆசிரியையிடம் சொன்னேன், வாயைப் பிளந்தார்.

டிசம்பர் 5, வெள்ளி

பதினான்காம் தேதி கயிலனுக்கு ஐந்து வயது முடிகிறது. “இந்த வருசம் கேக்கு, பலூன்னு ஒண்ணும் வேண்டாம் செண்பகம். ஒரு அடியாருக்கு வீட்ல வச்சு அமுது படைப்போம்” என்றார் இவர். எனக்கும் அதுதான் ஆசை. இவர் பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தினாலும் காலையில் பதிகம் பாடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. இந்தக் குணத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் இவருக்குப் பெண் கொடுத்தார்கள்.

கோயிலில் தேவாரம் பாடும் சோணாசலம் ஐயாவை அழைத்தோம். சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம். பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். காபி குடித்துக்கொண்டே கேட்டார்.

“பிள்ளைக்கு என்ன வயசு?”

“வாற பதினாலாந்தேதியோட அஞ்சு முடியுது ஐயா” என்றார் இவர்.

“ஒரே பிள்ளையோ?”

“ஆமா ஐயா. ஒரே பிள்ளைதான்.”

“நல்லது, நல்லது. ஒரு குறையுமில்லாம இருக்கட்டும்.”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வீறிட்டது. “நாலு! எனக்கு நாலுதான்! கால் வலிக்கு!” திரையை விலக்கினால், டிராயர் நனைந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது. இந்த வயதில், அதுவும் பெரியவர் முன்னால். மானம் போயிற்று. “சின்னப் பிள்ளைதானே, வையாதீங்கம்மா” என்றார் ஐயா. அவர் சொன்னதற்காக அடிக்காமல் விட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

வகுப்பு மிஸ் கூப்பிட்டார். பிறந்தநாள் அட்டவணையில் ஒட்டியிருந்த தன் படத்தைப் பிய்த்துத் தின்னப் பார்த்தானாம். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்குப் பொறந்தநாள் வராது மிஸ்” என்றானாம்.

கண்ணேறுதான். வேறென்ன? எல்லோரிடமும் பிள்ளையைப் புகழ்ந்து பேசியது என் தப்பு. மிளகாய் வற்றலும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறவே இல்லை, அவ்வளவு கண்.

டிசம்பர் 14, ஞாயிறு

 நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் எழுந்து குளித்துச் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு பொடிமாஸ், பாயசம் எல்லாம் பதினொன்றரைக்குள் முடித்தேன். கயிலனுக்குப் பட்டு வேட்டி கட்டப் போனால், கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சோணாசலம் ஐயா வந்தார். வாசலில் மணை போட்டு நிறுத்தி, இவர் அவர் கால்களைக் கழுவினார், நான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன். கூடத்துக் கதவுக்குப் பின்னால் கயிலன் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்து, பெருமையாக நினைத்தேன். இதையெல்லாம் பிள்ளை கண்ணால் பார்த்து வளர வேண்டும் என்று நினைத்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

இலை போட்டேன். ஐயா உட்கார்ந்தார். இலையைத் தொடாமல் நிமிர்ந்து, “பிள்ளை எங்க? கூப்பிடுங்க, பிள்ளையோட சேர்ந்து உக்காந்து சாப்பிடுவோம்” என்றார்.

“கயிலா!” என்று கூப்பிட்டார் இவர். பதில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. குளியலறையில் இல்லை. பெனிட்டா வீட்டில் இல்லை. மூன்றாவது மாடி. பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. எட்டிக் கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இவர்தான் பார்த்தார். “இல்ல, இல்ல” என்று திரும்பினார்.  பெனிட்டா தன் நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். இவர் கீழே வாட்ச்மேனிடம் ஓடினார்.

படுக்கையறைக்குள் மறுபடி நுழைந்தபோது பீரோ கதவின் இடுக்கில் என் புடவை முந்தானை ஒரு விரல் நீளம் வெளியே தெரிந்தது. காலையில் நான் அப்படி மூடவில்லை. கைப்பிடியைத் திருகித் திறந்தேன்.

தொங்கும் புடவைகளுக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கையில் என் தையல் கத்தரிக்கோல். வலது காது மடலிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகப் பனியன்வரை இறங்கியிருந்தது. தூக்கினேன். மூச்சு இழுத்தது. அழவில்லை. பிள்ளை அழவில்லை.

“அம்மா, இப்ப எனக்குக் குறை இருக்கு” என்றான். “காது போச்சு. சாமிட்ட போய்ச் சொல்லு. இந்தப் பிள்ளை வேண்டாம்னு சொல்லு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தச் சாமி, என்ன வேண்டாம் என்று உளறிக்கொண்டே துணியால் காதை அழுத்தினேன். இவர் ஓடி வந்து, வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். அவரைப் பார்த்ததும் கயிலன் என் மடியிலிருந்து வழுக்கி இறங்கப் பார்த்தான். “ரெண்டு பேரும் வராதீங்க! ரெண்டு பேரும் வராதீங்க!”

“என்ன ராசா? நான் அப்பால்லா?” என்றார் இவர்.

அப்போதுதான் சொன்னான். பாடம் ஒப்பிப்பதுபோல, ஒரு சொல் தப்பாமல் சொன்னான். “அஞ்சு வயசுப் பிள்ளை. ஒரே பிள்ளை. குறை இல்லாத பிள்ளை. அம்மா பிடிச்சுக்கணும். அப்பா வெட்டணும். வெட்டிக் கறி வச்சு சாமிக்குக் குடுக்கணும். ரெண்டு பேரும் அழக்கூடாது. சிரிச்சுக்கிட்டே வெட்டணும்.”

  அந்தக் கதை. நான் நூறு தடவை கேட்ட கதை. அடியவர் வேடத்தில் சாமி வந்து பிள்ளைக் கறி கேட்கிறார். பெற்றவர்கள் தங்கள் ஒரே மகனை அறுத்துச் சமைக்கிறார்கள். பக்திக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை என்று சொல்வார்கள், நானும் தலையாட்டுவேன். அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

நகம் வெட்டும்போது நான் பிடித்தேன், இவர் வெட்ட வந்தார். குறை என்றால் என்னவென்று நான்தான் விளக்கம் சொன்னேன். ஒரு குறையும் இல்லை என்று நான்தான் முத்தம் கொடுத்தேன். நொண்டியதற்குத் திட்டினேன். மூன்றரை வாரமாக என் பிள்ளை, தன்னை அறுக்கப்போகிறவளின் கையால்தான் சாப்பிட்டிருக்கிறான். ஓட வேறு இடமில்லாமல் அவளிடமே படுத்துத் தூங்கியிருக்கிறான்.

எனக்குப் பின்னால் சோணாசலம் ஐயா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்து ருத்திராட்சத்தைக் கழற்றி மடியில் சொருகிக்கொண்டார். “நான் இங்க நிக்கக் கூடாதும்மா. பிள்ளை பயப்படுது. முதல்ல டாக்டர்ட்ட கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படியிறங்கிப் போய்விட்டார். அடியார் பசியோடு போன வீடு. நேற்றாக இருந்தால் அதை நினைத்து ஒரு வாரம் அழுதிருப்பேன்.

காதில் இரண்டு தையல். மடல் நுனிதான் கிழிந்திருக்கிறது, கேட்பதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் போனை எடுத்து அந்த வீடியோவைத் தேடினார். பாதியோடு நிறுத்தியது என்று கீழே சிவப்புக் கோடு காட்டியது. தகப்பன் கத்தியை ஓங்குகிறான், தாய் சிரிக்கிறாள், கொதிக்கும் பானை. அதோடு கோடு நின்றிருந்தது.

“கடைசில சாமி கூப்பிட்டதும் பிள்ளை உசுரோட ஓடி வந்துருமே செண்பகம்” என்றார் தழுதழுத்த குரலில். “அதப் பாத்திருந்தா...”

“எப்படிப் பாப்பான்? தட்டு காலியாயிட்டுல்லா? நாந்தான் போனைப் பிடுங்கிட்டேனே.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். தலைமை ஆசிரியைக்குப் பேச வரமாட்டேன் என்று செய்தி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

பள்ளிக்கு அனுப்பவில்லை. இவரும் லீவு. மதியம் பெனிட்டா மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேருமாக உட்கார்ந்து மண் அள்ளும் வீடியோ பார்த்தார்கள். நான் நான்காவதாகப் போய் உட்கார்ந்தேன். வண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. கயிலன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தான்.

மிச்சக் கதையைக் காட்டிவிடுவோம், பாதியில் விட்டால் மனதில் கிடந்து அறுக்கும் என்றார் இவர். எனக்குப் பாதி மனதுதான். சாயங்காலம் அவனிடமே கேட்டோம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றான். எங்களுக்கு நடுவில் உட்காரவில்லை, எதிரே தனியாக உட்கார்ந்தான். நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டேன். சாமி கூப்பிடுகிறார், பிள்ளை தெருவிலிருந்து சிரித்துக்கொண்டு ஓடி வருகிறான், பூ மழை பொழிகிறது.

“பாத்தியா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை” என்றார் இவர்.

கயிலன் கட்டுப் போட்ட காதைத் தடவிக்கொண்டே கேட்டான். “வெட்டும்போது வலிச்சிருக்கும்லா?”

நான் போனை அணைத்துக் குப்புற வைத்தேன். 

“அம்மா, நம்ம வீட்டுக்கு சாமி வந்து கேட்டா?”

“தரமாட்டேன்” என்றேன். யோசிக்கவே இல்லை. “எந்தச் சாமி வந்து கேட்டாலும் தரமாட்டேன். செருப்பு பிய்ஞ்சிரும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கயிலன் என்னை விட்டுவிட்டு இவரைப் பார்த்தான். “அப்பா?”

இவர் உடனே சொல்லவில்லை.  கண் பூஜை அலமாரிக்குப் போனது. சாமிக்கு இல்லை என்று சொல்லி இவருக்குப் பழக்கமே கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. ஒரு சொல்தானே, சொல்லித் தொலையுங்களேன் என்று கத்த வாயெடுத்துவிட்டேன். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லத் தலையைக் குனிந்துகொண்டான்.

இவர் எழுந்தார். பூஜை அலமாரியின் முன்னால் போய் நின்றார். கை கூப்பவில்லை. இரண்டு கையும் தொடையோடு ஒட்டியிருந்தன.

“எம் பிள்ளைய நான் தரமாட்டேன்” என்றார்.

“சத்தமா சொல்லுங்க” என்றான் கயிலன். “சாமிக்குக் கேக்கணும்.”

“தரமாட்டேன்!” என்று சத்தமாகச் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்று அழுதார்.

கயிலன் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றான். அலமாரியைப் பார்த்துக் காது கொடுத்துக் கேட்டான், தையல் போடாத காதைத் திருப்பி வைத்து. 

“சாமி ஒண்ணும் சொல்லலை” என்றான்.

“ஆமா ராசா. ஒண்ணும் சொல்லலை” என்றார் இவர்.

“கோவமா?”

“தெரியல. கோவம்னாலும் பரவால்ல.”

அதையும் சிறிது நேரம் யோசித்தான். பிறகு அவருடைய சுட்டு விரலைப் பிடித்துக்கொண்டு, என்னையும் வா என்று தலையை அசைத்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு, நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதே நடுவில் வந்து நின்றான்.

“சரி” என்றான். “அப்ப நாளைக்கு நான் அஞ்சு வயசு ஆயிக்கிடுதேன்.”